டாக்டர் எழுதச் சொன்ன படபடப்பு

மார்கழி 9, திங்கள்

பனி. எதிர் வரப்பே தெரியவில்லை. கும்பகோணம் போய் டாக்டரைப் பார்த்தாயிற்று. நெஞ்சில் கோளாறு எதுவும் இல்லையாம். "மனசுல எதையோ போட்டு அழுத்துறீங்க டீச்சர். படபடப்பு வர்றப்ப மணி என்ன, எதிர்ல யாரு, என்ன பேச்சு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரு வாரம் கழிச்சு நீங்களே படிச்சுப் பாருங்க, பிடிபடும்." காப்பி குறைக்கணும். நிதானமாக மூச்சு விடணும். மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட அவர் வந்து காட்டட்டும்.

என்ன அழுத்துகிறது என்று எனக்குத் தெரியாதா? அடுத்த திங்கள் விசாரணை. புதுச் சட்டப்படி என் வீட்டுக்காரர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பண்ணையார் எங்களை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது. ஏறாவிட்டால், நாங்கள் நட்ட சம்பாவை தை மாதம் வேறு ஆள் அறுப்பான்.

படபடப்பை இனி 'ப.' என்று போடுகிறேன்.

மார்கழி 10, செவ்வாய்

ப. காலை ஏழரை, அடுப்படி. இவர் வயலுக்குப் போய்விட்டார். கொழுந்தன் சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குத்தகைப் பதிவு மனுவின் நகலை எடுத்துப் பார்த்தான்.

"எம் பேர காணுமே அண்ணி?"

மனு எழுதியது நான்தான். இங்கே எல்லார் வீட்டிலும் மூத்தவர் பெயரைத்தான் போடுகிறார்கள், நானும் போட்டேன். "அண்ணன் பேர்லயே தம்பி பேரும் அடக்கம்" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

எட்டு வயதிலிருந்து அந்தச் சேற்றில் நிற்கிறவன். இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் என் கை தேய்ந்தா போயிருக்கும்?

மார்கழி 12, வியாழன்

ப. பதினொன்றரை, பள்ளிக்கூட வாசல். பண்ணைக் காரியஸ்தர். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டார்.

"சும்மா இப்படிப் போனேன். டீச்சர பாத்து நாளாச்சேன்னு."

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

"திங்கக்கெழம அவரு தனியாவா போறாரு? தம்பிய அழைச்சிக்கிட்டுப் போவச் சொல்லுங்க. அண்ணன் பேர்லயே தம்பி பேரும் அடக்கம். இல்லீங்களா?"

மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சாக்பீஸ் என் கையில் ஒடிந்துவிட்டது. இதற்கு ஏன் இவ்வளவு என்று தெரியவில்லை. இவரிடம் சொல்லவில்லை.

மார்கழி 13, வெள்ளி

ப. இல்லை. காப்பியும் இல்லை. தலைவலி.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், புளி, இவர் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் இரண்டு.

கீழத்தெருவில் கூலி உயர்த்திக் கேட்டவர் வீட்டு வைக்கோல்போர் எரிந்துவிட்டது. "தானாப் பத்திக்கிட்டுதாம்" என்றாள் படித்துறையில் ஒருத்தி. "இந்தப் பனியிலயா?" என்றாள் இன்னொருத்தி. முதலில் சொன்னவள் துணியை வாரிக்கொண்டு படியேறிவிட்டாள்.

சேகர் மூன்று நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. சிநேகிதன் வீட்டில் சாப்பாடாம்.

மார்கழி 15, ஞாயிறு

ப. மாலை ஐந்தரை. சேகர் வந்தான், இவரிடம் பேச.

"நாளைக்கு பஸ்ஸுக்கு நிக்க வேணாம்ண்ணே. ஆத்தங்கரையோட சைக்கிள்ல போயிடலாம். நான் மிதிக்கிறேன்."

இவருக்கு ஒரே சந்தோஷம். "கோவம் தீந்துட்டுது, பாத்தியா?" என்றார் என்னிடம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

'நாளைக்கு உன் பேரையும் சேர்க்கச் சொல்கிறேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். விசாரணை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். கௌரவம், வேறென்ன.

பொத்தான் தைத்தாயிற்று.

மார்கழி 16, திங்கள்

கடும் பனி. ஆறு மணிக்கே இருவரும் கிளம்பியாயிற்று. "போயிட்டு வரேன்" என்றார் இவர். சேகர் திரும்பிப் பார்க்காமல் மிதித்தான். நாலு அடியில் சைக்கிள் மறைந்துவிட்டது, மணிச்சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

டாக்டர் சொன்ன ஒரு வாரம் ஆயிற்று. உட்கார்ந்து நோட்டைப் படித்தேன்.

செவ்வாய், நான் சொன்னது. வியாழன், காரியஸ்தர் சொன்னது. ஒரு எழுத்து மாறவில்லை. செவ்வாய்க்கிழமை அடுப்படியில் நானும் சேகரும் மட்டும்தான் இருந்தோம்.

நான் அடக்கம் என்றது, அதிலேயே சேர்ந்தது என்கிற அர்த்தத்தில். அந்தக் காரியஸ்தன் எந்த அடக்கத்தைச் சொன்னான், பிணத்துக்குச் செய்கிறதையா?

ஆற்றங்கரையில் மூங்கில் தோப்பு வரைக்கும் ஒரு வீடு கிடையாது. அதற்குத்தான் சேகர் பஸ் வேண்டாம் என்றானா? கீழத்தெருவில் போய்க் கூப்பிட்டால் வருவார்கள், வைக்கோல்போர் எரிந்தவர்கள் வருவார்கள்.

ஆறு இருபது. ப. இல்லை. செருப்பைத் தேட நேரமில்லை.