உங்கப்பா நம்பரில் மாட்டிக்கொண்ட பாலிசி

கராமா, துபாய்

அன்பு மகள் விஜிக்கு, அம்மா எழுதுவது. நான் இங்கே வேளைக்குத் தின்று வேளைக்குத் தூங்கி, போன வருஷம் தைத்த ஜாக்கெட் எல்லாம் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் சதீஷ்குமார் மாப்பிள்ளையும் உன் மாமியாரும், உள்ளே உட்கார்ந்துகொண்டு உன்னை உதைக்கிற அந்தப் பெரிய மனுஷரும் அதே போலச் சுகமாக இருக்க வேண்டும் என்று நாமக்கல் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசுகிற காலத்தில் இவளுக்கு என்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ விடும்மா விடும்மா என்கிறாய், நானும் எதையாவது சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது. ராதா மேடத்தின் தம்பி புனேவுக்கு வருகிறார், அவர் கையில் பேரீச்சம்பழமும் குங்குமப்பூவும் இந்தக் கடுதாசியும் கொடுத்து அனுப்புகிறேன். குங்குமப்பூ உனக்கு. உன் மாமியார் கேட்டாலும் இரண்டு இதழுக்கு மேல் கொடுக்காதே, அவர் இனிமேல் சிவந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் சமைக்கிற இந்த வீட்டில் ராதா மேடத்தின் வீட்டுக்காரர் பாஸ்கர் சாருக்கு மஸ்கட்டுக்கு வேலை மாறிவிட்டது, அங்கே ரூவியில் வீடு பார்த்துவிட்டார்கள், அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போக அங்கே விசா இல்லை என்று ராதா மேடம் அழுதார், நான் தான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் சொன்னேன். ஆக அடுத்த மாதத்தோடு என் விசா முடிகிறது. இது எனக்கு முன்னாடியே தெரியும், உன்னிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நான் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் தானே. ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து சம்பந்தி வீட்டில் விருந்து போட்டு, மகளை முறையாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவள் நான். கூட்டிக்கொண்டு போக வீடு வேண்டுமே. உங்கப்பாவும் நானும் பிரிந்த பிறகு எனக்கென்று இருக்கிறது ராதா மேடம் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். அதில் உன்னைப் படுக்க வைத்தால் நான் துணி துவைக்கிற மெஷின் மேல் தான் படுக்கணும். அதனால் நாமக்கல்லில் கோட்டை ரோட்டுக்குப் பின்னால் மீனாம்பாளுடைய கீழ்வீட்டை ஒத்திக்குப் பேசி வைத்தேன். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் இருக்கலாம், இரண்டு ரூம், வெந்நீருக்கு அடுப்பு, ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். மீனாம்பாளும் உனக்காக வெச்சிருக்கறேன் நாகு, ஆனா ரொம்ப நாளு வெச்சிருக்க முடியாது பாத்துக்கோ என்றாள்.

அந்தப் பணத்துக்குத் தான் பாலிசியைத் தேடினேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ, நீ எட்டாவது படிக்கும்போது, உங்கப்பா ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, சீதாராமன் சார் என்று ஒரு ஏஜெண்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நம் ரூமுக்கு வருவார். நான் போடுகிற பக்கோடாவைத் தின்றுவிட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்து ஒரு பாலிசி போடுங்க, நாளைக்குப் பிள்ளைக்கு ஆகும் என்பார். போட்டோம். சண்டை போட்டுக்கொண்டே கட்டினோம், ஆனால் கடைசித் தவணை வரைக்கும் கட்டிவிட்டோம். எங்கள் கல்யாணத்தில் ஒழுங்காக முடிந்த ஒரே காரியம் அது தான். பிறகு பிரியும்போது ரூமைக் காலி பண்ணினோம் பார், அப்போது அந்தப் பத்திரத்தை அவர் எடுத்துப்போய்விட்டார் என்று நானும், நான் வைத்திருக்கிறேன் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். குக்கர் யாருக்கு, மிக்சி யாருக்கு என்று வரிசையாகப் பிரித்தோம், பாலிசியை மறந்துவிட்டோம். சீதாராமன் சார் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார், அவர் நம்பரும் வேலை செய்யவில்லை. கம்பெனிப் பெயர் கூட எனக்கு நினைவில்லை. அவர்கள் கொடுத்த காலண்டரில் ஒட்டகம் இருந்தது, அது தான் தெரியும். இந்த ஊரில் எந்தக் காலண்டரில் ஒட்டகம் இல்லை சொல்லு. கடுதாசி வந்திருக்குமே என்றால் இங்கே வீட்டுக்கு யாரும் தபால் கொண்டுவந்து போடுவதில்லை, எல்லாம் தபால் பெட்டிக்குத் தான் போகும், நாங்கள் கொடுத்தது அப்பாவுடைய பஸ் கம்பெனிப் பெட்டி. அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

ராதா மேடம் ஒவ்வொரு இன்சூரன்ஸ் ஆபீசாகப் போன் போட்டுப் பார்த்தார். பெயரைச் சொன்னால் போதாதாம், பதிவு பண்ணின போன் நம்பரைச் சொல்லுங்கள், அந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் அனுப்புவோம், அதைச் சொன்னால் தான் பேசுவோம் என்கிறார்கள். பதிவு பண்ணினது யார் நம்பர். அப்போதெல்லாம் நம் வீட்டுக்கே ஒரு நம்பர் தானே, உங்கப்பா நம்பர். ஸ்கூலுக்கும் அது தான், ஆஸ்பத்திரிக்கும் அது தான், என்னோடு யாராவது பேச வேண்டும் என்றாலும் அவர் பையில் தான் மணி அடிக்கும். அவர் விசாவை முடித்துக்கொண்டு குவைத்துக்குப் போனதும் அந்த நம்பரைப் போன் கம்பெனி எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. இங்கே அப்படித் தான். இருந்தாலும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது, அடித்துப் பார்த்தேன். மஹ்மூது என்று பெஷாவர்க்காரர் ஒருத்தர் எடுத்தார், தேராவில் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். எனக்குத் தெரிந்த இந்தியில் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது. அண்ணி என்கிற மாதிரி என்னைப் பாபி என்று கூப்பிட்டு, பாபி, பழனிச்சாமி உன் ஆளா, வருஷா வருஷம் அவன் பிறந்தநாளுக்கு வாழ்த்து எனக்குத் தான் வருது, நானும் யார் பெத்த பிள்ளையோ என்று ஒரு தடவை நன்றி கூட எழுதினேன் என்றார். வாழ்த்து அனுப்பினது எந்தக் கம்பெனி பாய் என்று கேட்டேன். அப்படித் தான் கம்பெனி கிடைத்தது. அந்த வாழ்த்துக்குக் கீழேயே பாலிசி முதிர்ந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்ற செய்தியும் இருந்ததாம். ஏதோ ஏமாற்றுக்காரன் என்று அவர் விட்டுவிட்டார்.

ரகசிய எண் வந்தால் சீக்கிரம் சொல்லணும் என்பதால் மஹ்மூது பாய் லீவு நாளில் காலையில் போனை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தார். எனக்கு ஒரு டீ கூட வாங்க விடவில்லை, அவரே வாங்கினார். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைக் கேட்டது, அவர் போனில் வந்தது, சொன்னோம், திறந்துவிட்டது கண்ணு. பணம் அப்படியே இருக்கிறது. அப்புறம் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, உங்க ஹஸ்பெண்டு எங்கே என்று கேட்டது. கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டினேன். அது அழகாகப் படித்துப் பார்த்துவிட்டு, மேடம் நீங்க டிவோர்ஸ் பண்ணினது ஒருத்தரை ஒருத்தர் தான், பாலிசி இன்னும் ஜாயிண்ட் தான், ரெண்டு கையெழுத்து வேணும் என்றது. அவர் போடவில்லை என்றால் என்றேன். அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தரோட டெத் சர்டிபிகேட் வேணும் என்றது, சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் சிரித்தேன், மஹ்மூது பாய் மட்டும் தோபா தோபா என்று காதைப் பிடித்துக்கொண்டார். என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டம் காலி.

இப்போது கோபித்துக்கொள்ளாதே. உங்களுக்குள்ள நான் தூது போக மாட்டேன், ஒருத்தர் பேச்சை ஒருத்தர்கிட்ட கொண்டு வந்தா நான் ரெண்டு பேரையும் விட்டுடுவேன் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால் உன்னிடம் வரவில்லை. ஆனால் என் நம்பரை அவர் தடுத்து வைத்திருக்கிறார், அவர் நம்பரை நான் தடுத்து வைத்திருந்தேன், ராதா மேடம் நம்பரில் கூப்பிட்டால் தெரியாத நம்பர் என்று எடுக்கவில்லை. மஹ்மூது பாய் தான், என் போனில் கூப்பிடு பாபி, தன் பழைய நம்பர் வந்தால் எந்த மனுஷன் எடுக்காமல் இருப்பான் என்றார். ஒரு மணி கூட முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். யாருங்க அது, இது எம்பட நம்பருங்க என்று ஒரே சத்தம். நம்பரு உங்களுது தானுங்க, ஆளு தான் வேற என்றேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, சாப்பிட்டியா என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. விஜிக்குத் தானே, எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லு நாகு என்றார். ஒன்று மட்டும் கேட்டார், கொழந்தை பொறந்தா அந்த ஊட்டுக்கு நான் வரலாமா என்று. வாசல் வரைக்கும் வாங்க, உள்ள வர்றதை மீனாம்பா கிட்ட கேட்டுச் சொல்றேன் என்றேன். அவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒத்துக்கொண்டது அந்தச் சீதாராமன் சார் பக்கோடா தின்ற நாளுக்கு அப்புறம் இது தான் முதல் தடவை.

ஆனால் நாங்கள் ஒத்துக்கொண்டு என்ன. அவர் துபாய்க்கு வர லீவு இல்லை. வர முடியாவிட்டால் குவைத்தில் நம் எம்பசியில் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பலாம் என்றார்கள். போனார். அசல் பாஸ்போர்ட்டைக் காட்டு என்றார்களாம். அது அவர் கையில் இல்லை. விசா புதுப்பிக்க எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது, மந்தூப் என்று ஒரு ஆள், கம்பெனிக்காகக் கவர்மெண்டு ஆபீசுகளுக்கு ஓடுகிறவர், அவர் பெட்டியில் இருக்கிறது. போய்க் கேட்டால் புக்ரா என்கிறாராம், நாளைக்கு என்று அர்த்தம். தினமும் நாளைக்குத் தான். உங்கப்பா கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், மகள் மாசமாக இருக்கிறாள் என்று கூடச் சொல்லிப் பார்த்தார். அந்த ஆளும் கெட்டவர் இல்லையாம், இவருக்கு மாஷா அல்லா சொல்லி ஒரு பை ஆப்பிள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பாஸ்போர்ட் மட்டும் வரவில்லை. நான் இந்தப் பக்கம் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன், அது, பணம் எங்கேயும் போகாது மேடம், எத்தனை வருஷம் ஆனாலும் ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கலாம் என்று ஆறுதல் சொல்கிறது. வருஷம் எனக்கு எதுக்கு. பிள்ளை என்ன அதுவரைக்கும் உள்ளேயே இருக்குமா. என் விசா முடிந்தால் இங்கே என் பாங்குக் கணக்கையும் மூடிவிடுவார்கள், அப்புறம் நானும் ஊரில் இருந்து முத்திரை வாங்கி அனுப்பி, எல்லாம் முதலிலிருந்து. ராதா மேடம் இன்னும் யாருக்கெல்லாமோ பேசினார், பாஸ்கர் சார் ஆபீசில் ஒருத்தர் குவைத்தில் தெரிந்த ஒருத்தருக்குப் பேசினார். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் பேசினார்கள். போன செவ்வாய்க்கிழமை மீனாம்பாள் கூப்பிட்டாள். தப்பா நெனைக்காத நாகு, ஒரு வாத்தியார் குடும்பம் கையில பணத்தோட வந்து நிக்கறாங்க, எம்பட பையன் விடமாட்டேங்கறான் என்றாள். கொடுத்துரு மீனா, வாத்தியார்னா சுவத்துல கிறுக்க மாட்டாங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெங்காயம் அரிந்தேன். ராதா மேடம் வந்து, ஏன் நாகவல்லி இத்தனை வெங்காயம் என்று கேட்டார், சாம்பாருக்கு என்றேன். அன்றைக்குச் செய்தது ரசம்.

ஆகவே விஜி, நாமக்கல்லுக்கு நீ வர வேண்டாம். அங்கே புனேவில் நீ பார்த்துக்கொண்டிருக்கிற ஆஸ்பத்திரியிலேயே பெயரை எழுதி வை, ஏற்கனவே எழுதியிருந்தால் அதை ரத்து பண்ணாதே. விசா முடிந்ததும் நான் நேராக அங்கே வருகிறேன், ஒரு பை, ஒரு பாய், அவ்வளவு தான். கட்டுச்சோறு மட்டும் எப்படியாவது கட்டிக்கொண்டு வருவேன், ஐந்து விதச் சோறும் செய்வேன், உன் வீட்டு அடுப்பில் செய்து உன் வீட்டு வாசலிலேயே நின்று உள்ளே கொண்டு வருகிற மாதிரி ஆகும், பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கட்டும். உங்கப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். சரி என்று மட்டும் சொன்னார். இப்போது அவர் நம்பரை நான் தடுத்து வைக்கவில்லை, அதற்காக வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே, பாஸ்போர்ட் வந்தால் சொல்ல வேண்டுமே என்பதற்காகத் தான்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்கணும், சுகப்பிரசவம் ஆகணும், பிறக்கிறது என் வாயும் உங்கப்பா பிடிவாதமும் இல்லாமல் மாப்பிள்ளை மாதிரி சாதுவாகப் பிறக்கணும். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, மல்லாந்து படுக்காதே, ஸ்டூல் மேல் ஏறி மேல் பரணில் டப்பா எடுக்காதே. இன்னும் ஒன்றே ஒன்று. பிரசவத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு வீடு இல்லை என்பதை மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் நீயே சொல்லிவிடு சாமி. நான் இரண்டு தடவை அவர்களுக்குப் போன் போட்டு, வெயில் எப்படி, மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயாடி என்று ஊரே சொல்கிற எனக்கு அதை மட்டும் சொல்ல வரவில்லை.

இப்படிக்கு
உன்னைப் பார்க்கப் புறப்படுகிற அம்மா
நாகவல்லி