மூத்தவளைத் தள்ளிவிட்டாரா

பெரியம்மா,

சனிக்கிழமை எங்கள் சபைக் கோயிலைப் பெருக்கும்போது பெஞ்சுக்கடியில் ஒரு வண்ணப்பட அட்டை கிடந்தது. ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் யாரோ தவறவிட்டது. மணல்வெளியில் ஒரு பெண், தோளில் தண்ணீர் நிறைத்த தோல்பை, கையில் ஒரு பிள்ளை. தூரத்தில் கூடார வாசலில் தாடிவைத்த கிழவர் நின்று பார்க்கிறார். ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் படம். எழுபதைத் தாண்டியவள் நான். ஒரு அட்டையைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அப்பாவுக்கு நீ முதல் தாரம், என் அம்மா இரண்டாவது. உனக்குப் பிள்ளை தங்கவில்லை என்று நீயே போய்ப் பெண் கேட்டு என் அம்மாவைக் கட்டிவைத்தாய் என்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் நாம் நான்கு பேர். ஒரே அடுப்பு. அம்மா உன்னை அக்கா என்பாள், நீ அவளைப் பொண்ணு என்பாய். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, அப்பாவின் லாரி கவிழும்வரை.

பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போனவர், கால் நசுங்கி மூன்று மாதம் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. காலை எடுக்காமல் காப்பாற்றினால் இந்தச் சாமியைக் கும்பிடுகிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டாராம். கால் பிழைத்தது. நாம் எல்லாரும் கோயிலுக்குப் போகத் தொடங்கினோம். ஞானஸ்நானம் கேட்டபோதுதான் நம் கடலூர்ப் போதகர் தயங்கினார். வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை.

"ரெண்டு பொண்டாட்டியோட குடுக்க முடியாதுங்க. ஒருத்தர விட்டுடணும். சபையோட சட்டம் அது."

எந்த ஒருத்தரை என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது.

அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளியில் ஆகார் கதை சொன்னார்கள். ஆபிரகாமின் முதல் மனைவி சாராள், பிள்ளையில்லாதவள். அவளே தன் அடிமைப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுக்கிறாள். பிள்ளை பிறக்கிறது. பிறகு அந்தச் சாராளே, இவளையும் இவள் பிள்ளையையும் துரத்திவிடு என்கிறாள். அப்பமும் தண்ணீரும் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மற்றப் பிள்ளைகள் கதை கேட்டார்கள். நான் என் கதையைக் கேட்டேன். வீடு வரைக்கும் ஓடிவந்தேன். மூச்சிறைக்க நின்று, நம் வீட்டில் ஊருக்குப் போகையில் தண்ணீர் எடுத்துக்கொள்ள இருந்த ஒரே கூஜாவை எடுத்து, பின்கட்டு விறகுக்குள் ஒளித்துவைத்தேன். கூஜா இல்லையென்றால் எங்களை அனுப்ப முடியாது அல்லவா?

இரண்டு நாளில் நீ கண்டுபிடித்துவிட்டாய். "ஏன் பாப்பா இங்க வெச்ச?" என்று கேட்டாய். அழுதுகொண்டே கதையைச் சொன்னேன். நீ குந்தியபடியே முழுவதும் கேட்டாய்.

"தள்ளச் சொன்னது யாரு? மொத பொண்டாட்டியா?"

"ஆமா. அவுங்கதான் சொன்னாங்க."

"நான் சொல்லமாட்டேன். போய் மூஞ்சியக் கழுவு."

அந்த வார்த்தை எனக்குப் போதவில்லை, பெரியம்மா. பயம் அப்படிப்பட்டது. அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில், கடவுள் இஸ்ரவேலை, அதாவது யூத ஜனத்தை, தமக்கு மனைவியாகச் சேர்த்துக்கொண்டார், அவள் துரோகம் செய்தாள், அதனால் அவளைத் தள்ளிவிட்டுச் சபையைப் புது மணவாட்டியாக ஏற்றுக்கொண்டார் என்றார். பழைய உடன்படிக்கை முடிந்துபோனது, யூதர்களுக்கு இனி அதில் பங்கில்லை என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கடவுளே முதல் மனைவியைத் தள்ளியிருக்கிறார்!

திரும்பி வரும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப மொதல்ல கட்டினவங்களத் தள்ளலாம், இல்லப்பா?"

அப்பாவின் நடை ஒரு கணம் தடுமாறியது. நான் திரும்பிப் பார்த்தேன். நான்கடி பின்னால் நீ வந்துகொண்டிருந்தாய். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி. உனக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமல் நான் பட்ட பாடு ஆகார் கதையைவிடக் கொடுமை.

விஷயம் சிதம்பரத்துக்குப் போனது. அங்கே இருந்த பெரிய போதகரும் சபை மூப்பர்களும் உட்கார்ந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. காலை பஸ்ஸில் ஏறினோம். உன் மடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. கட்டிய முடிச்சின் இடுக்கில் உன் பச்சைப் புடவையின் கரை தெரிந்தது.

"இது எதுக்குப் பெரியம்மா?"

"புவனகிரியில தம்பி வூடு இருக்குதில்ல. சிதம்பரத்துலேர்ந்து கிட்டதான். எதுக்கும் இருக்கட்டும்."

அம்மா பக்கம் திரும்பினேன். அவள் காலடியிலும் ஒரு மூட்டை. அதில் என் பாவாடையும் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சிதம்பரம் போய்ச் சேரும்வரை நான் ஒரு மூட்டையையும் மற்றொன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எது திரும்பாது? வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது வாந்தி எடுத்தேன். நீதான் தலையைப் பிடித்துக்கொண்டாய்.

கோயிலை ஒட்டிய அறை. நீள மேசை. ஒரு மூப்பர், முதலில் கட்டியவளே மனைவி, மற்றவள் போகட்டும் என்றார். நம் போதகர் மறுத்தார். பிள்ளை பெற்றவளைத் தெருவில் விடுவது பாவம், மூத்தவருக்குத் தம்பி வீடு இருக்கிறது, மாதம் ஏதாவது கொடுத்தால் போதும் என்றார். அப்பா கைகூப்பியபடி, "நீங்களே சொல்லுங்க, யாரன்னு என் வாயால வராது" என்றார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்திருந்தேன். விரல் வலித்தது, விட முடியவில்லை.

அப்போதுதான் நீ எழுந்தாய். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஐயா, எனக்குப் படிப்பு கெடயாது. ஒண்ணு கேக்கலாமா? சாமி மொதல்ல யூதருங்களக் கட்டிக்கிட்டாரு, வாக்கும் குடுத்தாரு, அப்புறம் அவுங்களத் தள்ளிட்டு நம்மளச் சேத்துக்கிட்டாருன்னு கோயில்ல சொன்னாங்க. மெய்தானுங்களா?"

நம் போதகர் தலையசைத்தார்.

"மெய்யின்னா எனக்குப் பயமா இருக்குதுங்க. மூத்தவளுக்குக் குடுத்த வாக்க மாத்துனவரு, எளயவளுக்குக் குடுத்தத மட்டும் காப்பாத்துவாரா? நான் போயிடறேன், அது இல்ல. அந்தப் பொண்ணு எந்தத் தைரியத்துல அந்த வூட்ல இருக்கும்? நீங்கள்லாம் எந்தத் தைரியத்துல இருக்கீங்க?"

பெரிய போதகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தள்ளலம்மா. அப்படிச் சொல்றது தப்பு. நாங்களும் பல வருசமா சொல்லிட்டோம். இயேசுவே அந்த வூட்டுப் புள்ளதான். அவுங்க வேரு, நாம வந்து ஒட்டிக்கிட்ட கெளை. வேர வெட்டுனா ஒட்டு பட்டுப்போவும். பெருமப்படாத, பயந்து இருன்னு நம்மளப் பாத்துத்தான் வேதத்துல பவுல் எழுதினாரு. அவரும் ஒரு யூதருதான்."

பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இதக் கேட்டப்புறம் இந்த ரெண்டு பேருல ஒருத்தரப் போன்னு சொல்ல எனக்குத் துணிவில்ல" என்றார்.

ஆனால் சட்டத்தை அவரும் மாற்றவில்லை. பெண்கள்மேல் குற்றமில்லை, அவர்களும் பிள்ளையும் ஞானஸ்நானம் பெறலாம், அப்பா மட்டும், இரண்டு மனைவிகளும் இருக்கும்வரை, கோயிலுக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்று முடிவானது. பஸ் நிலையத்தில் அம்மா உன் மூட்டையைப் பார்த்து, "அக்கா, நீயுமா?" என்றாள். ஒருவர் மூட்டையை மற்றவர் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

அம்மாவும் நானும் ஞானஸ்நானம் பெற்றோம். நீ மாட்டேன் என்றுவிட்டாய். "அவரு வெளிய ஒக்காரச்சே கூட ஒரு ஆளு வேணுமில்ல?" அப்பா சாகும்வரை, கோயில் வாசற்படிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பாட்டையும் பிரசங்கத்தையும் கேட்டீர்கள். உள்ளே அம்மாவின் பக்கத்தில் நான்.

நீ போவதற்கு நான்கு நாள் முன்னால், கஞ்சி ஊட்டும்போது திடீரென்று சொன்னாய்: "அன்னிக்கு உங்கப்பாகிட்ட நீ கேட்டது எனக்குக் கேட்டுச்சி. கொழந்த பயந்துட்ட. அவ்ளோதான்." மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டாய்.

அதைத்தான் சுமக்கிறேன், பெரியம்மா. தன் இடம் போய்விடுமோ என்று பயந்த குழந்தை பக்கத்தில் இருப்பவளைக் கைகாட்டுகிறது. நம் சபையும் அப்படித்தான் பயந்து யூதர்களைக் காட்டியதோ என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே உடல் கூசுகிறது.

உனக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாதவள். புவனகிரியில் உன் தம்பி மகன் கொள்ளி வைத்தான். நான் தள்ளி நின்று பார்த்தேன். இன்றைக்கும் முழந்தாளிட்டால் முதலில் வருவது அந்தப் புகைதான். அவளை உள்ளே சேர்த்துக்கொண்டீரா என்று ஆண்டவரிடம் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில், ஆமென் சொல்லாமலே எழுந்துவிடுகிறேன்.