சீட் வேண்டாம் என்று ஒரு கடிதம்

என்னங்க,

ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிறேன். சாவியையும் இந்தக் கடிதத்தையும் மேல்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நம் பெண்ணும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் அண்ணன் வருகிறாராம், அவளுக்கு வழிகாட்ட. "இங்கிலீஷ் படிச்சா டீச்சர் வேலை, இல்லேன்னா வீட்டுல சும்மா" என்று போன வாரமே ஒரு மணி நேரம் முழங்கினார். மொழிபெயர்ப்பு, பத்திரிகை, விளம்பரம் என்று அவள் சொன்னபோது மகான் கொட்டாவி விட்டார். உங்கள் மாத்திரை டப்பாவில் வரும் தாளைக்கூட யாரோ சம்பளம் வாங்கித்தான் எழுதுகிறார்கள்.

அது போகட்டும். கல்லூரியில் கிடைத்த ஆங்கில சீட் வேண்டாம் என்கிற கடிதத்தை, "நல்ல இங்கிலீஷ்ல நீயே எழுதிக் குடும்மா" என்று அவளிடமே கேட்டிருக்கிறீர்களே, உங்களுக்கே நியாயமா? அவளும் எழுதிக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள், பாவி மகள்!

அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அனுப்பியே தீரவேண்டும் என்றால் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து எழுதுங்கள். மேசைமேல் பேனாவும் அகராதியும் வைத்திருக்கிறேன்.

பி.கு.: சீட்டை உறுதிசெய்ய நாளை கடைசி நாள்.

இன்னொன்று. உங்களுக்கும் அவளுக்கும் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அவள் காலையிலிருந்து பட்டினி. நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் கூப்பிட்டால்தான் சாப்பிட வருவாள்.