நீளம் பொருந்தாத இரண்டு வரிசைகள்

என் சண்டைக்கார அண்ணனே,

இரண்டு வயது மூப்புக்கு ‘நீங்க’ எதற்கு என்று நீயே தடுத்துவிட்டாய். அதனால் நீ செத்த பிறகும் எனக்கு ‘நீ’தான். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். கோபமில்லை, அருவருப்பு.

ராஜேந்திரன் வந்திருந்தான். ஹட்டன் ஜவுளிக்கடைக்காரர் மகன், சீமையில் உன்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். நீ நெஞ்சு நோவோடு கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி இந்த லயத்து ஒற்றை அறைக் காம்பிராவிலேயே கண்ணை மூடினாய். அவன் அங்கேயே பட்டம் வாங்கி, இப்போது லீவில் வந்திருக்கிறான். உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தான். அம்மா உன் படத்தைக் காட்டினாள். “ம், ம்” என்றான்.

பையிலிருந்து உன் வேலையை எடுத்தான். அந்த ஊர் கம்ப்யூட்டருக்கு லிஸ்ப் மொழியில் நீ எழுதிய சின்னச் சின்ன உதவிக் கட்டளைகள். எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு வரிசையோடு இன்னொன்றைக் கூட்ட, கழிக்க, பெருக்க. வெக்டர் என்பாய். எத்தனை அடைப்புக்குறி! கடைசி மாதங்களில் நான் வாசிக்க, நீ படுத்தபடியே திருத்துவாய். ஒன்றை நான் விழுங்கினாலும் இருமலுக்கு நடுவில் கையைத் தூக்கிவிடுவாய்.

அதை இப்போது அங்கே எல்லோருக்கும் கொடுக்கப் போகிறார்களாம். மேலே உன் பேர் இருக்குமாம். அம்மா அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாங்கி வாசித்தேன். கூட்டுகிற இடத்தில் நீ வைத்த காவலைக் காணோம். அந்த வரி, இரண்டு வரிசையும் ஒரே நீளமா என்று பார்க்கும், இல்லையென்றால் கூட்டாமல் நின்றுவிடும். அப்படித்தானே எழுதினாய்?

“இங்க ஒரு வரி இருந்துச்சே, எங்கங்க?” என்றேன்.

“அதுவா? வேலை நடுவுல நின்னு நின்னு போகுதுங்க. அதான் நீளமானத மத்தது அளவுக்குக் கவ்வாத்து பண்ணிட்டேன். மிச்சந்தானே, யாருக்குத் தெரியப்போகுது?”

சிரிப்பு வேறு. நம்மிடம் தோட்டத்துப் பேச்சு பேசிக் காட்டுகிறாராம் துரை. கிளையை நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய தேயிலை துளிர்க்கும். வெட்டிய எண் எங்கே துளிர்க்கும்? ஐந்து எண்ணோடு நாலைக் கூட்டச் சொன்னால், ஐந்தாவது இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டு, இந்தா சரியான விடை என்று நீட்டும். அதற்கு உன் பேராம். தூ!

அவனுக்குத் தேத்தண்ணி வைத்தது நம்மோடேயே இருக்கும் அத்தை. அண்ணே, உனக்கு இந்தச் சேதி தெரியாது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு அப்பா, அம்மா, நான் மூவரையும் பதிய அரசாங்கக் கந்தோரில் சம்மதித்துவிட்டார்கள். அத்தைக்குப் பிறப்பு அத்தாட்சி இல்லை. “அந்த அம்மாவ விட்டுருங்க, உங்க காரியம் லேசா முடிஞ்சுரும்” என்றார் கந்தோர் ஐயா. அத்தை அருகிலேயே நின்றிருந்தார். அப்பா தலையாட்டிவிட்டார். நானும் பேசாமல் வந்தேனே என்று, இவன் எண்ணை வெட்டியதைப் பார்த்த பிறகுதான் கூசுகிறது.

“அந்த வரியத் திரும்பப் போடுங்க. இல்லாட்டி எங்கண்ணன் பேர எடுத்துருங்க” என்றேன் ராஜேந்திரனிடம்.

“அப்புறம் அவன் பேரு எங்கயும் இருக்காதுங்க. என் பேர்லதான் போகும்.”

“போகட்டும்.”

அவன் போனதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “எம்புள்ள பேரு எங்கயாச்சும் இருக்கட்டும்னு பார்த்தேன். அதையும் அழிச்சுட்டியேடி, பாவி!” அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ இருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? அம்மா அழுவதைப் பார்த்தும் என் பக்கம் நின்றிருப்பாயா?

நாளைக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு அந்தக் கந்தோருக்குப் போகிறேன். அத்தை பேர் ஏறாவிட்டால் என் பேரையும் வெட்டிவிடுங்கள் என்று சொல்வேன். அப்பா அடித்தாலும் சொல்வேன். இது உனக்குச் சத்தியம்.

உன் கூடப்பிறந்த வாயாடி,
பார்வதி