வேண்டாம் என்றதைச் சங்கடம் என்று எழுதியவளுக்கு

ஏட்டி லூர்து, என் ராசாத்தி,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதல் ஏழு மாதம் உன்னோடு தினமும் பேசினேன், எல்லாம் பாசமாகத்தான். இந்த ஒரு மாதமாக உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் பேச முடியாதவளோடு சண்டை போடுவது நியாயமில்லை என்று தெரியும். ஆனால் நீ செய்ததும் நியாயமில்லை.

"முதல்ல சேதி, அப்புறம் சண்டை" என்பாயே. சரி, சேதியே சொல்கிறேன். ஆழ்வார்பேட்டை ஆபீஸ் அதே மாடியில்தான் இருக்கிறது. மெட்ரோவுக்காகத் தெருமுனை வரை தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை. நடந்து வந்து படியேறுவதற்குள் என் முட்டி கெஞ்சுகிறது. நீ இருந்தால் "ஷாப்பிங்னா மட்டும் முட்டி வலிக்காதே" என்று சொல்லியிருப்பாய். டீக்கடைக்காரர் இன்னும் சர்க்கரை இல்லாத டீ ஒன்றைச் சேர்த்துத்தான் கொண்டுவருகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நானே குடித்துவிடுகிறேன். கண்ராவியாக இருக்கிறது. எப்படித்தான் குடித்தாயோ.

பெரிய சேதி, நம் சட்டத் திருத்த வரைவைப் பற்றிப் பேச அரசாங்கத்தில் அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்காவது பிரிவு ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறது. அதைப் படித்தபோது உன்னை நினைத்து அழுதேன். அது நடந்தது சுகன்யா வருவதற்கு முன்னால்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ சாந்தோம் பக்கத்து மாதாகோயில் தெருப் பெண். நான் ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண், திருநெல்வேலிப் பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகாதவள். பாலியல் குற்றங்களுக்கான சட்டங்களை மாற்றவேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே ஒரு மேஜையைப் போட்டு அமைப்பு ஆரம்பித்தோம். நீ பேசுவாய், நான் எழுதுவேன். மனு, அறிக்கை, வரைவு எல்லாவற்றுக்கும் தமிழ் என்னுடையது, குரல் உன்னுடையது. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

நான்காவது பிரிவு உன்னுடைய பிரிவு. பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதவேண்டும். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும். படித்துக் காட்டாமலே "படித்துக் காட்டினேன், சரியென ஒப்புக்கொண்டார்" என்று கையெழுத்துப் போடுகிறவருக்குத் தண்டனை வேண்டும். கூட்டங்களில் நீ இதை எப்படிச் சொல்வாய் என்று எனக்கு மனப்பாடம். ஒரு ஸ்டேஷனில் ஒரு பெண் "வேணாம் வேணாம்னு கத்தினேன்" என்று சொன்னாளாம், எழுதினவர் "மனச்சங்கடம் அடைந்தேன்" என்று எழுதினாராம். அந்த இடத்தில் நீ மைக்கைக் கையில் எடுத்துக்கொள்வாய். "கல்யாண வீட்டுல சாம்பார் தீந்துபோனா வர்றதுக்குப் பேரு சங்கடம். இதுக்குப் பேரு அது இல்ல." கூட்டம் சிரிக்கும், பிறகு சட்டென்று அமைதியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம் சுகன்யா வந்தாள். மந்தைவெளி ஹவுசிங் போர்டுப் பெண், நம் ஆபீஸில் கம்ப்யூட்டரில் கேஸ் விவரங்கள் ஏற்றிக்கொண்டிருந்தாளே, அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போனாள். போகும்போது, வரைவில் நம்மோடு வேலை செய்த நம் வக்கீல் மேல் ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நீயே விசாரித்தாய். "ஒண்ணுமில்ல கோமு, ஏதோ மனத்தாங்கல், பேசி முடிச்சாச்சு, அந்தப் பொண்ணுக்கும் வேற நல்ல வேலை கிடைச்சிருக்கு" என்று என்னிடம் சொன்னாய். நீ சொன்னால் எனக்கு அதுதான் தீர்ப்பு.

வந்தவள் உட்காரக்கூட இல்லை. போனை என் மேஜைமேல் வைத்தாள். அவள் வாக்குமூலம் என்று நம் ஆபீஸில் எழுதின காகிதத்தின் படம் அதில்.

"கோமதிக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுல கீற கையெழுத்து உங்களுதா?"

பார்த்தேன். "படித்துக் காட்டினேன்" என்ற வரிக்குக் கீழே இருந்தது என்னுடையதுதான்.

"அப்போ எனக்கு எப்போ படிச்சுக் காட்டினீங்க? எனக்கு ஞாபகமே இல்லியே."

அவள் விரலால் தள்ளி இன்னொரு படத்தைக் காட்டினாள். அவள் அன்று கைப்பட எழுதிக் கொடுத்த பக்கம், கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்திருந்தாள்.

"நான் மூணு வாட்டி வேணாம் சார்னு சொன்னேன். அத்தத்தான் எழுதிக் குடுத்தேன். இங்க இன்னாடான்னா சங்கடமா இருந்துச்சுன்னு போட்டுக்கீது. யாருக்குக்கா சங்கடம்?"

"கீழே உன் கையெழுத்து இருக்கேம்மா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அது. எத்தனை ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் இதே பேச்சுக்காக நாம் சண்டை போட்டிருக்கிறோம்.

"வேலைய வுட்டுப் போற அன்னிக்கு லூர்தம்மா நாலஞ்சு பேப்பர்ல வாங்கினாங்க. உங்க ஆபீஸ்லயே படிச்சுப் பாத்துப் போடணும்னு எனக்குத் தோணலக்கா. உங்க ஆபீஸாச்சே."

அந்தக் கடைசி வார்த்தைதான் லூர்து, இன்னும் காதிலேயே இருக்கிறது.

இப்போது அந்தக் காகிதம் எப்படி வெளியே வந்தது என்று கேட்பாய். அதே வக்கீல் மேல் அவர் ஆபீஸில் வேலை பார்த்த இளம் வக்கீல் ஒருத்தி புகார் கொடுத்திருக்கிறாள், விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கிறது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, விசாரணை முடியட்டும். தன் மேல் முன்பும் இப்படி ஒன்று கிளம்பி ஒன்றுமில்லாமல் போனது என்று காட்ட அவர் நம் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார். குழு அதைச் சுகன்யாவுக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறது. பெண்களுக்காகவே இருக்கிற அமைப்பு, லூர்து மேரியே விசாரித்தது, கோமதியே படித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டது. அதைவிட நல்ல சாட்சி ஒரு ஆணுக்கு இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? அந்தக் காகிதம் நின்றால் அந்தப் பெண் விழுந்துவிடுவாள்.

சுகன்யா போன பிறகு உன் பீரோவைக் குடைந்தேன். "பழைய பேனர்" என்று எழுதின ஃபைலில் இருந்தது அவள் எழுதின பக்கம். மூன்று "வேணாம்" மீதும் பென்சில் கோடு. ஓரத்தில் உன் எழுத்தில் "சங்கடம்". எனக்கு உன் எழுத்தைத் தெரியாதா? ங-வைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்கு ஓடும் அவசரம். கிழித்துப் போட்டிருக்கலாமே, ஏன் வைத்திருந்தாய்? என்றைக்காவது நான் பார்க்கவேண்டும் என்றா? இல்லை, கிழிக்கக் கை வரவில்லையா?

அந்தக் கையெழுத்தை நான் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம், தம்பிக்குத் துணையாகக் கடையில் நின்றிருந்தேன். கூட்டம் என்றாலே மூச்சு முட்டும் உனக்கு. மாம்பலம் ஸ்டேஷன் பக்கமே வரமாட்டாய். அன்றைக்கு அத்தனை நெரிசலில் இடிபட்டு, ஒரு செருப்பு வார் அறுந்து, என்னைத் தேடி வந்தாய். ஜாக்கெட் துணி வெட்டும் மேஜைமேல் காகிதத்தை வைத்தாய். "நான் படிச்சுக் காட்டிட்டேன்டி, நீ சும்மா போடு" என்றாய். போட்டேன். உனக்குப் பன்னீர் சோடா வாங்கித் தந்து, கடைப் பையனின் ரப்பர் செருப்பைப் போட்டு அனுப்பினேன். எனக்காக இவ்வளவு தூரம் வந்தாளே என்று அன்று முழுக்க ஒரே பெருமை.

மறுநாள் ஆபீஸில் கேட்டிருக்கலாமே நீ? ஏன் அந்தக் கூட்டத்துக்குள் வந்தாய்? இப்போதுதான் உறைக்கிறது. அந்த இரைச்சலில் நான் படிக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் படிக்காமல் உனக்குக் கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள் எங்கே நிற்பாள் என்றும் தெரியும். சுகன்யாவை நீ ஏமாற்றினாய். என்னை வைத்து ஏமாற்றினாய். இதில் எது எனக்கு அதிகமாக வலிக்கிறது என்று சொன்னால் என்னையே எனக்குப் பிடிக்காமல் போகும்.

நீ ஏன் செய்தாய் என்று யோசிக்காமல் இல்லை. அந்த வருஷம்தான் வரைவு முதன்முதலாக முழுசாக உருவானது. சட்ட மொழியில் அதை எழுதத் தெரிந்தவர் அந்த வக்கீல் ஒருவர்தான். அவர் விலகினால் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்திருப்பாய். ஆயிரம் பெண்களுக்காக ஒரு பெண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பாய். அதையே ஒரு போலீஸ்காரர் சொல்லியிருந்தால் அவரை நீ என்ன கேட்டிருப்பாய்? சுகன்யாவைப் பலி கொடுத்து எழுதின சட்டமாடி நமக்கு வேண்டும்?

பொருளாளர் பார்த்தசாரதி மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கச்சேரி ரோட்டில் அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள், ஆறிப்போகும் வரை ரெண்டு பேரும் தொடவில்லை.

"ஏண்டிம்மா கோமதி, போனவ வந்து பதில் சொல்லப்போறாளா? நாளைக்குப் பேப்பர்ல எல்லாம் போட்டுக் கிழிச்சுடுவா. அடுத்த மாசம் கூப்பிட்டிருக்கா, அது முடியட்டுமே."

"லூர்துவும் அப்படித்தான் நினைச்சிருப்பா மாமா. அது முடியட்டும்னு."

அவர் ஆறின தம்ளரைத் தள்ளி வைத்தார். "உன் கையெழுத்தும்னா அதுல இருக்கு. நீ கேக்கற தண்டனை உனக்கே வரும்னு யோசிச்சுண்டியோ?"

"யோசிச்சேன் மாமா."

யோசித்தேன் லூர்து, பயமாகவும் இருந்தது. நான்காவது பிரிவை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன என்றுகூட ஒரு சாயங்காலம் நினைத்தேன். பெசன்ட் நகர் பீச்சில் நாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமல், அதைத்தான் யோசித்தேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது. அன்றைக்கு நீ என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உன்னைத் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன். கையெழுத்துப் போடாமல் இருந்திருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் போனதற்கும் உன் மேல்தான் கோபம்.

உன் படத்திறப்பு நடக்கவில்லை. ஆபீஸ் ஹாலில் மாட்டப் பெரிதாகப் படம் எடுத்து வைத்திருந்தோம், நீலப் புடவையில் பல் தெரியச் சிரிப்பாயே, அது. திறந்து வைக்க அந்த வக்கீலைத்தான் அழைத்திருந்தோம். அழைப்பிதழின் வாசகம் நான் எழுதியது. நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். படம் காகிதம் சுற்றியபடி உன் அறையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. எப்போது திருப்புவேன் என்று என்னைக் கேட்காதே.

புதன்கிழமை காலை விசாரணைக் குழு முன்னால் போகிறேன். சுகன்யாவும் வருகிறாள். அவள் எழுதின பக்கத்தையும், உன் பென்சில் எழுத்தையும் கொடுத்துவிடுவேன். அந்தக் கையெழுத்துப் பொய் என்று சொல்லுவேன். அந்த இளம் வக்கீல் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவள் தலைக்கு மேல் தொங்குவது என் கையெழுத்து. வரைவு போனால் போகட்டும். போகாவிட்டால், நான்காவது பிரிவைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசுவேன்.

குழுவில் கட்டாயம் கேட்பார்கள், மாற்றி எழுதியது யார் என்று. யாரோ என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆபீஸ் குளறுபடி என்று மழுப்பலாம். சுகன்யாவே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டும் இருக்கலாம், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் உன்னைத் தெரியாதவர்கள் நிறைந்த அந்த அறையில் உன் பெயர் ஒரு குற்றவாளியின் பெயராக முதலில் கேட்கப்போகிறது என்றால், அதை உன்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்திதான் சொல்லவேண்டும். நான்தான் சொல்லுவேன் லூர்து, முழுப் பெயரையும், குரல் உடையாமல். இது என் வாக்கு.

உன் கூடப்பிறக்காத அக்கா,
கோமதி