தேவதானத்து இளநீர்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

டயாலிசிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ஒருவர் சீவிய இளநீரைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். கிட்னி போனவர்களுக்கு இளநீர் ஆகவே ஆகாது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாக ஆசைன்னா தனியா சாவுங்க. எங்க ஆளுகளுக்கு ஆசை காட்டாதீங்க" என்று எழுதிவிட்டேன். ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை போட்டார்கள். அவர் குரூப்பை விட்டே போய்விட்டார்.

இன்று ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு புது ஆள், தேவதானத்துக்காரர். கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் மனைவிதான் பேச்சுக் கொடுத்தாள்.

"சீக்கு வாரதுக்கு முந்தி அவிய வச்ச தென்னங்கன்னு, அக்கா. இப்பத்தான் மொதக் காய் வெட்டுனோம். தான் குடிக்கக் கூடாதுல்ல, என்னையக் குடிக்கச் சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தாவ. ஆசையா குரூப்புல படம் போட்டாவ. யாரோ சாவுன்னு எழுதிட்டாகளாம். ராத்திரி சோறே எறங்கல அவியளுக்கு."

"விடு, யாரோ தெரியாம எழுதியிருப்பாங்க" என்றேன். என் வாயால், யாரோ என்று.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இளநீரைப் பிடித்திருக்கும் கையில் கண்ணாடி வளையல்கள் கிடக்கின்றன.