பேதுருவின் மனைவியை யாரும் விசாரிக்கவில்லை

என்ரை இஞ்சாருங்கோ,

இருபத்தெட்டு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் வேறு பெயர் வாயில் வரவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் கடைசிப் பக்கத்தை எனக்கென்று விட்டிருக்கிறாள் மகள் ஷாமினி. நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னாள். நல்லதாக எழுத வரவில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். மறைக்காமல் சொன்னால், பொறாமை.

ஆர் மேல் என்று கேட்பீர்கள். வேறு ஆர், அந்தோனி அண்ணை மேல்தான்.

எண்பத்தைந்தில் இந்த அந்நிய ஊரில், கிளென் வேவர்லி ரயிலில் அவரைக் கண்டு சிநேகம் பிடித்தீர்கள். நாங்கள் புரொட்டஸ்தாந்து சபைக்காரர், அவர் கத்தோலிக்கர். பேதுரு ரோமுக்குப் போனாரா, அங்கே முதல் ஆயராக இருந்தாரா, பாப்பரசர் பதவி அவரிடமிருந்துதான் வருகிறதா என்று அன்றைக்குத் தொடங்கிய தர்க்கம் இருபது வருஷம் ஓடியது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி என்றால் அவர் வந்து ஜன்னலோரக் கதிரையில் இருப்பார். நான் குசினியில் றோல்ஸ் பொரிப்பேன்.

"ஐசே, பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில கடைசி அதிகாரத்தைப் பாரும். இருபது பேருக்கு மேல பேர் சொல்லிச் சுகம் விசாரிக்கிறார். பேதுரு அங்க ஆயரா இருந்திருந்தா அவரை மட்டும் விட்டிருப்பாரோ?" இது நீங்கள்.

"இராயப்பர் அந்த நேரம் வெளியூர் போயிருப்பார். ஆளின்ரை கல்லறை ரோமிலதானே இருக்குது?" இது அவர்; கத்தோலிக்கர் வாயில் பேதுரு இராயப்பர்.

"செத்த இடமெல்லாம் ஆண்ட இடமோ? முதல்ல அங்க சபையை நடத்தினது மூப்பர்மார் கனபேர். ஒராளுக்குப் பின்னால ஒராள் எண்டு ஆயர்மாரின்ரை பட்டியல் எழுதினது நூறு வருஷத்துக்குப் பிறகு."

என்னோடு நீங்கள் பேசியது என்ன? பால் முடிஞ்சுதோ, காரை எப்ப சேர்விஸுக்கு விடுறது. அவரோடு பேசும்போது உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைக் குசினி வாசலில் நின்று களவாகத்தான் பார்த்தேன். சில நாட்களில் அந்தப் பேதுரு மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஒரு சனிக்கிழமை தட்டத்தோடு வந்து நானும் வாய் திறந்தேன். "பேதுரு கலியாணம் முடிச்ச மனுசன்தானே? மாமியாருக்குக் காய்ச்சல் வந்த கதை வேதத்திலயே கிடக்குது. போற இடமெல்லாம் மனுசியையும் கூட்டிக்கொண்டு திரிஞ்சவர் எண்டு பவுலும் எழுதியிருக்கிறார். அப்ப அந்த மனுசியும் ரோமுக்குப் போனவவோ?"

இரண்டு பேரும் சிரித்தீர்கள். "தங்கச்சி, அது இப்ப விஷயமில்லை. றோல்ஸ் இன்னும் ரெண்டு கிடக்கோ?" என்றார் அவர். அவர் சிரித்ததை விட்டுவிடலாம். நீங்கள் ஏன் சிரித்தீர்கள்? அதற்குப் பிறகு நான் அந்தத் தர்க்கத்துக்குள் வரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள் நினைவிருக்கிறதா? இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காரை விட முடியாத தெருவில் விட்டிருந்தேன். அந்தோனி அண்ணையைக் கட்டிலடியில் இருத்திவிட்டு, காரை மாற்றி விட்டு வரப் போனேன். இருபது நிமிஷம்தான். திரும்பி வந்தபோது நீங்கள் நித்திரை. பிறகு எழும்பவேயில்லை.

போன செவ்வாய்க்கிழமை நினைவு மலரின் அச்சுப்படி வந்தது. அந்தோனி அண்ணையின் கட்டுரையில் ஒரு வரி: 'கடைசி நாளில் என் கையைப் பிடித்தபடி, பேதுரு ரோமில் இருந்ததை நண்பர் ஒப்புக்கொண்டார்.' எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இருபது வருஷம் விடாமல் நின்ற நீங்கள் இருபது நிமிஷத்தில் மாறினீர்களோ? சாட்சி ஆர்? அவர் ஒருவர்தானே!

பொயிண்ட் குக்கில் இருக்கும் ஷாமினிக்கு உடனே போன் எடுத்தேன். "அந்த வரியை வெட்டு."

"அம்மா, ப்ளீஸ், லீவ் இட். ஹி வாஸ் அப்பாஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்."

அதுதானே என் வயிற்றெரிச்சல்! வெட்டச் சொல்லித்தான் போனை வைத்தேன். பேதுருவுக்காக வெட்டினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் கடைசிப் பேச்சு எனக்கு வராமல் அவருக்குப் போனதற்காகவே வெட்டினேன்.

இந்தக் கிழமை ரோமில் வெள்ளைப் புகை வந்தது, உங்களுக்குத் தெரியாது. புதுப் பாப்பரசர் வந்துவிட்டார், டிவி முழுக்க அதுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தோனி அண்ணை வழக்கம்போல வந்தார். சந்தோஷத்தில் புளுகிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவரோ தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரியை எடுத்துப்போட்டன், அண்ணை."

கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறீங்களோ, தங்கச்சி?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாமல் சொல்லோணும்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "'ஐசே, ஆள் ரோமுக்குப் போயிருப்பார்தான். ஆயரா இருந்தவர் எண்டுறதை நான் இப்பவும் ஒப்புக்கொள்ள மாட்டன். ஆனா தனியப் போயிருக்கமாட்டார். இவ அண்டைக்குக் கேட்டவ எல்லே, மனுசியும் போனவவோ எண்டு? நாங்கள் ரெண்டு விசரரும் சிரிச்சனாங்கள். அதுதான் ஐசே கேள்வி. மனுசி இல்லாமல் அவ்வளவு தூரம் ஆர் போவினம்?' எண்டவர். பிறகு, 'கார் மாத்தப் போனவ வந்திட்டாவோ' எண்டு கேட்டவர். அவ்வளவுதான்."

"இதை ஏன் எழுதேல்லை, அண்ணை?"

"அது வீட்டுக் கதைதானே, தங்கச்சி. தர்க்கத்துக்குத் தேவையில்லை எண்டு விட்டனான்."

கேட்டீங்களோ? தேவையில்லையாம்! பேதுருவின் மனைவிக்குப் பெயர் இல்லாமல் போனதும் இப்படித்தான் இருக்கும். நல்ல மனுசர்தான் எழுதியிருப்பார்கள். வேண்டுமென்று ஒருவரும் விட்டிருக்க மாட்டார்கள்.

அவரை இருத்தி, முழுவதையும் எழுதுவித்து, ஷாமினிக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் இரண்டு பேரையும் பைத்தியக்காரர் ஆக்கிய அந்த 'விசரர்' என்ற சொல்லையும் விடவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, எல்லாரும் வாசிக்கட்டும்.

ஆனால் என் கோபம் தீர்ந்ததென்று நினைக்காதீர்கள். என் கேள்வி சரியென்று அவரிடம் சொல்ல உங்களுக்கு நேரம் இருந்ததே! இன்னுமொரு இருபது நிமிஷம் முழித்திருந்து என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

ஒரு வாக்குத் தருகிறேன். இனிச் சனிக்கிழமைகளில் உங்கள் கதிரையில் நான் இருப்பேன். பேதுரு ரோமுக்குப் போனவர் சரி, அந்தச் சபையை ஆண்டவர் என்று ஆர் சொன்னது என்று உங்கள் பக்கம் நின்று பிடிப்பேன். அதற்கு முதல் என் கேள்விக்கு அந்தோனி அண்ணை பதில் தேடிக்கொண்டு வரவேண்டும். வராவிட்டால் றோல்ஸ் இல்லை.

அங்கே அந்த மனுசியைக் கண்டால் பெயரைக் கேட்டு வையுங்கோ. கேட்டால், முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும்.

காரை மாற்றி விட்டு வந்துவிட்டேன், இஞ்சாருங்கோ.

உங்கள் மனுசி,
கிரேஸ்